சபோனிஸை என்பிஏ கணக்கால் அளக்கலாமா?

கேள்வி இதுதான்: "லிதுவேனியக் கூடைப்பந்து வீரர் அர்விதாஸ் சபோனிஸ் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆடியது ஏழே பருவங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 12 புள்ளி, 7.3 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). நட்சத்திர வீரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. அப்படியிருக்க, உலகின் மிகச் சிறந்த சென்டர்களில் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்களில்) ஒருவர் என்று அவரை ஏன் சொல்கிறார்கள்? கூடைப்பந்தின் கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் எதற்காகச் சேர்த்தார்கள்?"

கேள்வியில் உள்ள எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவை 30 வயதுக்கு மேல், இரண்டு கால்களும் பழுதாகிப்போன பிறகு ஆடிய ஒரு மனிதரின் எண்கள். போர்ட்லாண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணிக்காக 1995இல் அவர் களமிறங்கியபோது, பெரியவர்களுக்கான கூடைப்பந்தில் அவருக்கு ஏற்கெனவே 14 வருட அனுபவம். சோவியத் சாம்பியன், உலக சாம்பியன், ஒலிம்பிக் சாம்பியன், ஐரோப்பிய கிளப் சாம்பியன் என்று எல்லாம் முடிந்துவிட்டிருந்தன. அமெரிக்க ரசிகர்கள் பார்த்தது படத்தின் கடைசி ரீலைத்தான். ஆகவே கதையை கௌனாஸிலிருந்து தொடங்குகிறேன்.

கௌனாஸ் லிதுவேனியாவின் இரண்டாவது பெரிய நகரம். இரண்டு உலகப் போர்களுக்கு இடையே இன்றைய தலைநகர் வில்னியுஸ் போலந்தின் கையில் இருந்ததால், லிதுவேனியாவுக்குத் தற்காலிகத் தலைநகரமாக இருந்தது. கூடைப்பந்து அந்த ஊரில் வேர்பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த லிதுவேனிய வம்சாவளியினர் ஒருவர், பிரானாஸ் லுபினாஸ், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்ற கையோடு மூதாதையர் நாட்டுக்கு வந்து ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். 1937இல் ரீகாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் லிதுவேனியா சாம்பியன். 1939இல் போட்டி கௌனாஸிலேயே நடந்தது. அதற்கென்றே ஓர் உள்ளரங்கம் கட்டினார்கள். அங்கே லாட்வியாவை 37-36 என்று ஒரே புள்ளியில் வீழ்த்தி மறுபடியும் கோப்பை வாங்கினார்கள். அடுத்த வருடமே நாடு சோவியத் ஒன்றியத்துக்குள் போய்விட்டது. நாடு போனாலும் ஆட்டம் போகவில்லை. 1972 மியூனிக்கில் அமெரிக்காவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது சோவியத் அணி; அதன் கேப்டன் மோதெஸ்தாஸ் பவுலவுஸ்காஸ் ஒரு லிதுவேனியர்.

சபோனிஸ் 1964 டிசம்பர் 19 அன்று கௌனாஸில் பிறந்தார். பந்தைத் தொட்டது 13 வயதில். யூரிஸ் ஃபியோதோரோவாஸ் என்ற பயிற்சியாளர் அவரை வளர்த்தெடுத்தார். முழுதாக வளர்ந்தபோது உயரம் 221 சென்டிமீட்டர். அவ்வளவு உயரமான பையன்களைப் பொதுவாகக் கூடைக்கு அடியில் நிறுத்தி, கைகளைத் தூக்கிக்கொண்டு நில் என்று சொல்லிவிடுவார்கள். சோவியத் அணியில் அவருக்கு முன்னோடியான விளாதிமிர் த்காச்செங்கோ அந்த மாதிரி மலை. சபோனிஸோ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார், தூரத்திலிருந்து எறிந்தார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாஸ் கொடுத்தார். இளமைக்கால வீடியோக்களைப் பார்த்தால், போர்ட்லாண்டில் கால் இழுத்து நடந்த அந்தக் கனத்த மனிதரும் இவரும் ஒருவர்தானா என்று சந்தேகம் வரும். ஒல்லியான உடம்பு, நீண்ட தாவல்; ரீபவுண்டை எடுத்துவிட்டுத் தானே மறுமுனை வரை ஓடி, பந்தைக் கூடைக்குள் திணித்து டங்க் அடிக்கிறார்.

1981இல் ஜால்கிரிஸ் கௌனாஸ் அணியில் சேர்ந்தார். அடுத்த வருடம், 17 வயதில், கொலம்பியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சோவியத் அணியில் இடம். இறுதியாட்டத்தில் அமெரிக்காவை 95-94 என்று வென்றார்கள். அதே வருடக் கடைசியில் சோவியத் அணி அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளோடு ஆடப் போனது. அப்போது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய பெயர் வர்ஜீனியாவின் ரால்ஃப் சாம்ப்சன். அவரும் ஏழடிக்கு மேல். அவருக்கு எதிரே 17 வயதுப் பையன் சளைக்காமல் ஆடியதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

ஜால்கிரிஸ் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1410இல் போலந்து-லிதுவேனியப் படை ஜெர்மானிய டியூட்டானிக் வீரர்களை முறியடித்த போர்க்களத்துக்கு லிதுவேனியர்கள் வைத்த பெயர் அது. சோவியத் ஆட்சியில் தேசியக் கொடி ஏற்றக்கூடாது, பழைய தேசிய கீதம் பாடக்கூடாது. ஆனால் ஜெர்மானியர்களைத் தோற்கடித்த போரின் பெயரை ஓர் அணிக்கு வைப்பதில் மாஸ்கோவுக்கு ஆட்சேபம் இருக்க முடியுமா? அந்தப் பெயரைச் சொல்லி அரங்கத்தில் கத்துவதுதான் பகிரங்கமாகத் தேசியம் பேச இருந்த ஒரே வழி.

எதிரே இருந்தது மாஸ்கோவின் சிஎஸ்கேஏ. அது ராணுவத்தின் அணி. கட்டாய ராணுவ சேவை வயது வந்த எந்த நல்ல வீரரையும் சீருடை மாட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வசதி அதற்கு இருந்தது. ஆண்டாண்டாகச் சோவியத் கோப்பை அங்கேயே போய்ச் சேர்ந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம். அந்த அணியைத்தான் விளாதாஸ் கராஸ்தாஸ் பயிற்சியில் ஜால்கிரிஸ் 1985, 1986, 1987 என்று தொடர்ந்து மூன்று வருடம் கீழே தள்ளியது. சபோனிஸோடு ரிமாஸ் குர்தினைதிஸ், வால்தெமாராஸ் ஹோமிச்சியுஸ், செர்கேயுஸ் யோவாய்ஷா. இவர்களில் குர்தினைதிஸும் ஹோமிச்சியுஸும் பின்னால் இந்தக் கதையில் மறுபடி வருவார்கள். அந்த மூன்று கோப்பைகளை வெறும் லீக் வெற்றி என்று எழுதிவிட்டுப் போனால் சபோனிஸ் யாரென்று புரியாது. கௌனாஸில் இன்றைக்கும் வயதானவர்கள் அந்த ஆட்டங்களைச் சுதந்திரப் போராட்டத்தின் ஒத்திகை மாதிரிதான் பேசுகிறார்கள்.

தோல்வியும் உண்டு. 1986 ஏப்ரலில் புடாபெஸ்டில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம். எதிரணி யூகோஸ்லாவிய நட்சத்திரம் த்ராஜன் பெத்ரோவிச்சின் சிபோனா ஜாக்ரெப். ஆட்டத்தின் நடுவில் சிபோனாவின் மிஹோவில் நாகிச்சை சபோனிஸ் குத்திவிட்டார். நடுவர் வெளியே அனுப்பினார். சிபோனா 94-82 என்று வென்றது. அவருடைய அமைதியான முகத்தைப் பார்த்துச் சாது என்று நினைப்பவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்கலாம். ஐரோப்பிய கிளப் கோப்பைக்காக அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே வருடக் கோடையில் ஸ்பெயினில் உலக சாம்பியன்ஷிப். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது சோவியத் அணி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். முதலில் சபோனிஸ் ஒரு மூன்று புள்ளி ஷாட். பந்து போர்டில் பட்டு உள்ளே போனது. அடுத்து திகோனென்கோ இன்னொன்று. பந்தைக் கையில் வைத்து நேரத்தைக் கடத்தியிருக்க வேண்டிய யூகோஸ்லாவியாவில், 18 வயது விளாதே திவாச், தட்டி நிறுத்திய பந்தை மறுபடி தட்டும் தவறைச் செய்து பந்தைப் பறிகொடுத்தார். லாட்வியாவின் வால்திஸ் வால்தெர்ஸ் மூன்றாவது மூன்றையும் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 91-90. இறுதியில் அமெரிக்காவிடம் 87-85 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, 1986இலேயே அவசரத்துக்கு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியக்கூடிய 221 சென்டிமீட்டர் சென்டர் ஒருவர் இருந்தார் என்பது. அமெரிக்காவில் அப்போது அந்த உயரத்தில் ஒருவர் அங்கிருந்து எறிந்தால் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்.

புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ டிராஃப்டில் அவர் பெயர் இரண்டு முறை வந்தது. 1985இல் அட்லாண்டா ஹாக்ஸ் நான்காவது சுற்றில் எடுத்தது. 21 வயது நிரம்பவில்லை என்று அது செல்லாமல் போயிற்று. 1986இல் போர்ட்லாண்ட் முதல் சுற்றிலேயே, 24ஆவது ஆளாக, எடுத்தது. பனிப்போர் உச்சத்தில் இருக்கும்போது, வருவாரா மாட்டாரா என்றே தெரியாத ஒரு சோவியத் குடிமகனுக்கு முதல் சுற்றுத் தேர்வைச் செலவழித்தது பெரிய சூதாட்டம். அதே டிராஃப்டில் மூன்றாவது சுற்றில் போர்ட்லாண்ட் எடுத்த இன்னொரு பெயர் த்ராஜன் பெத்ரோவிச். புடாபெஸ்டில் மோதிக்கொண்ட இருவரையும் சில வாரங்களிலேயே ஒரே அணி காகிதத்தில் சேர்த்து வைத்திருந்தது!

மாஸ்கோ அனுமதி தரவில்லை. அதைவிடப் பெரிய அடி உடம்பிலிருந்து வந்தது. ஜால்கிரிஸ், சோவியத் தேசிய அணி, வெளிநாட்டுப் பயணங்கள் என்று வருடம் முழுக்க ஓய்வே இல்லாத ஆட்டம். வளர்ந்துகொண்டிருக்கும் பையனுக்கு அந்தச் சுமை. குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் முதலில் வலித்தது, பிறகு அறுந்தது. ஆறி வரும்போதே இரண்டாம் முறையும் அறுந்தது. 1987 ஐரோப்பியப் போட்டியில் அவர் இல்லை. இறுதியாட்டத்தில் சோவியத் அணி கிரீஸிடம் கூடுதல் நேரத்தில் 103-101 என்று தோற்றது. அவர் இருந்திருந்தால் கிரேக்கக் கூடைப்பந்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும் என்று ஏதென்ஸ்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

1988இல் ஒரு விசித்திரம் நடந்தது. சபோனிஸ் சிகிச்சைக்காகப் போர்ட்லாண்டுக்கே போனார். பிளேசர்ஸ் அணியின் மருத்துவர் ராபர்ட் குக் மேற்பார்வையில் கால் மெல்லத் தேறியது. ஒலிம்பிக் நெருங்கும்போது எதிரணியின் நட்சத்திரத்தை நாமே தேற்றி அனுப்புகிறோமே என்று அமெரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது. சியோலில் ஆட வேண்டாம் என்பதே போர்ட்லாண்ட் தரப்பின் அபிப்பிராயம். சோவியத் பயிற்சியாளர் அலெக்சாந்தர் கோமெல்ஸ்கி அவரை அணியில் சேர்த்துவிட்டார்.

தங்கம் வென்றால் வெளிநாட்டு கிளப்புகளில் ஆட வழி செய்கிறேன் என்று கோமெல்ஸ்கி சொன்னதாக அந்த அணி வீரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். சபோனிஸ், ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ், குர்தினைதிஸ், ஹோமிச்சியுஸ் ஆகிய நான்கு லிதுவேனியர்கள்தான் அணியின் முதுகெலும்பு. முதல் ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவிடம் தோற்றாலும் அரையிறுதியில் அமெரிக்காவை 82-76 என்று சாய்த்தார்கள். குர்தினைதிஸ் அன்று 28 புள்ளி. (இவர் பிறகு 1989இல் என்பிஏ ஆல்-ஸ்டார் வாரக்கடைசியின் மூன்று புள்ளிப் போட்டிக்கு அழைக்கப்பட்டார், என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவருக்கு அது அபூர்வ மரியாதை.) சபோனிஸ் முக்கால் காலோடு அமெரிக்க சென்டர் டேவிட் ராபின்சனுக்கு ஈடுகொடுத்து ஆடினார். இறுதியில் யூகோஸ்லாவியாவை 76-63. கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து ஒலிம்பிக் தங்கம் கேட்ட அமெரிக்காவின் காலம் அங்கே முடிந்தது. அடுத்த ஒலிம்பிக்கில் ஜோர்டான், மேஜிக் போன்ற என்பிஏ நட்சத்திரங்கள் வந்தார்கள்.

அந்தத் தங்கத்துக்குச் சபோனிஸின் கால் கொடுத்த விலை என்ன என்று துல்லியமாகக் கணக்குப் போட முடியாது. ஆனால் ஆறாத காலோடு ஒருவரை ஒலிம்பிக் ஆட வைத்தது பயிற்சியாளரின் தந்திரம் என்று சிலர் புகழும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

1989இல் கதவு திறந்தது. மார்ச்சுலியோனிஸ் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போனார். சபோனிஸ் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தார். வருடத்துக்கு 82 ஆட்டம், ஒவ்வொன்றும் 48 நிமிடம் என்ற என்பிஏ அட்டவணையை அந்தக் கால்கள் தாங்காது. ஐரோப்பாவில் ஆட்டமும் குறைவு, நேரமும் 40 நிமிடம். முதல் மூன்று வருடம் ஃபோரம் வல்லடோலிட் என்ற நடுத்தர அணியில் ஆடி உடம்பைப் பழுது பார்த்துக்கொண்டார். 1992இல் ரியல் மாட்ரிட். 1993, 1994 இரண்டு வருடமும் ஸ்பானிய லீக் சாம்பியன். 1995இல் ஜெல்கோ ஒப்ராதோவிச் பயிற்சியாளராக இருக்க, சரகோசாவில் ஒலிம்பியாகோஸை 73-61 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையும் கிடைத்தது. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் சபோனிஸ்.

இந்த ஆறு ஸ்பானிய வருடங்களைத்தான் "வீணான வருடங்கள்" என்கிறார்கள். 1990லும் 1992லும் போர்ட்லாண்ட் என்பிஏ இறுதி வரை போய்த் தோற்றது. சபோனிஸ் மட்டும் அந்த அணியின் நட்சத்திரம் கிளைட் டிரெக்ஸ்லரோடு இருந்திருந்தால் என்று ஏங்குவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. இந்த ஏக்கத்தை நான் மதிப்பதில்லை. மாட்ரிட்டில் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்தவரை "காணாமல் போனவர்" என்று எழுதுவதற்கு, தாங்கள் டிக்கெட் வாங்காத ஆட்டம் எதுவும் நடக்கவே இல்லை என்ற அமெரிக்க நினைப்பு வேண்டும். ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வீரருக்கான யூரோஸ்கார் விருது அவருக்கு ஆறு முறை கிடைத்தது. காணாமல் போனவருக்கு யாரும் விருது கொடுப்பதில்லை.

இடையில் வரலாறு வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா சுதந்திரத்தை அறிவித்தது. ஜால்கிரிஸ் சோவியத் லீக்கிலிருந்து விலகியது. லிதுவேனிய வீரர்கள் அந்த வருட உலக சாம்பியன்ஷிப்பில் சோவியத் சட்டை போட மறுத்தார்கள். 1991 ஜனவரி 13 அன்று வில்னியுஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தருகே சோவியத் டாங்குகள் கூட்டத்துக்குள் புகுந்து 14 பேர் இறந்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று.

1992 பார்சிலோனாவுக்குத் தனி நாடாக அணி அனுப்ப வேண்டும், கஜானாவில் காசில்லை. சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஆடிக்கொண்டிருந்த மார்ச்சுலியோனிஸும் அவர் நண்பர் டானி நெல்சனும் அமெரிக்காவில் நன்கொடை திரட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு உதவ முன்வந்தது. பணத்தோடு கூடவே மஞ்சள், பச்சை, சிவப்பு என்று லிதுவேனியக் கொடியின் நிறங்களில், துணியை முடிந்து சாயத்தில் தோய்த்த டி-ஷர்ட்டுகள். அவற்றில் பந்தைக் கூடையில் திணிக்கும் எலும்புக்கூடு ஓவியம், வரைந்தவர் கிரெக் ஸ்பெயர்ஸ். எலும்புக்கூட்டைப் போட்டுக்கொண்டு ஒலிம்பிக் போவது சற்று அபசகுனம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

அரையிறுதியில் அமெரிக்காவின் என்பிஏ நட்சத்திர அணியான ட்ரீம் டீம் 127-76 என்று நசுக்கியது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது யார் தெரியுமா? முன்னாள் சோவியத் குடியரசுகள் சேர்ந்து அனுப்பிய ஒருங்கிணைந்த அணி. நான்கு வருடத்துக்கு முன் சியோலில் ஒரே மேடையில் நின்றவர்களில் சிலர் எதிரணியில். குரூப் ஆட்டத்தில் லிதுவேனியா அவர்களிடம் தோற்றிருந்தது. இம்முறை 82-78. மார்ச்சுலியோனிஸ் 29 புள்ளி. சபோனிஸ் 27 புள்ளி, 16 ரீபவுண்டு. பதக்க மேடையில் அந்த வண்ண டி-ஷர்ட்டோடுதான் ஏறினார்கள். சியோல் தங்கத்தைவிட இந்த வெண்கலமே பெரிது என்று அந்த வீரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். 1996 அட்லாண்டாவிலும் சபோனிஸ் ஒரு வெண்கலம் வாங்கினார், ஆஸ்திரேலியாவை வென்று.

இனி கேள்வியில் வந்த போர்ட்லாண்டுக்கு வருவோம். 1995 கோடையில் பிளேசர்ஸ் பொது மேலாளர் பாப் விட்சிட், ஒப்பந்தத்துக்கு முன் சபோனிஸின் கால் எக்ஸ்ரேக்களை மருத்துவர் குக்கிடம் காட்டினார். இந்த எக்ஸ்ரேயை மட்டும் காட்டினாலே மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்துமிடம் ஒதுக்கிவிடுவார்கள் என்றாராம் மருத்துவர். விட்சிட்டே பலமுறை சொன்ன கதை இது. அந்தக் கால்களோடு முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 23.8 நிமிடம் ஆடி 14.5 புள்ளி, 8.1 ரீபவுண்டு எடுத்தார். 36 நிமிடத்துக்கு விகிதம் போட்டால் சுமார் 22 புள்ளி, 12 ரீபவுண்டு வரும். இந்த மாதிரி விகிதக் கணக்கில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது, ஏனென்றால் 36 நிமிடம் ஆட அந்தக் கால்கள் விட்டிருக்காது. இருந்தாலும் களத்தில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவர் எவ்வளவு செய்தார் என்பதற்கு அது ஒரு குறிப்பு. சிறந்த புதுமுகம் விருதிலும், பெஞ்சிலிருந்து வந்து ஆடுபவருக்கான சிறந்த ஆறாவது ஆள் விருதிலும் இரண்டாம் இடம். யூட்டா அணிக்கு எதிரான பிளே-ஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட்) தொடரில் சராசரி 23.6 புள்ளி, 10.2 ரீபவுண்டு. 31 வயதில் புதுமுகம்!

1997-98தான் அவருடைய சிறந்த என்பிஏ பருவம்: சராசரி 16 புள்ளி, 10 ரீபவுண்டு. கோப்பைக்கு மிக அருகில் போனது 2000ஆம் ஆண்டு, என்பிஏ இறுதிக்கு முந்தைய கட்டமான மேற்கு மாநாட்டு இறுதியில். லேக்கர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் 15 புள்ளி முன்னணியில் இருந்த போர்ட்லாண்ட், கூடையைக் காணவே முடியாமல் தவித்து 89-84 என்று தோற்றது. அந்தத் தொடர் முழுக்க லேக்கர்ஸின் பிரமாண்ட சென்டர் ஷக்கீல் ஓ'நீலின் எடையை முதுகில் தாங்கி நின்றது 35 வயது சபோனிஸ்தான். 2001-02 பருவம் முழுக்க என்பிஏவிலிருந்து ஒதுங்கி ஓய்வெடுத்தார். 2002-03இல் ஒரு வருடம் திரும்பி வந்து ஆடிவிட்டுப் போனார்.

அவர் ஆட்டத்தின் விசேஷம் என்ன என்று கேட்டால், பாஸ். சென்டர் என்பவர் கூடைக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்பி அடிப்பவர் என்பதுதான் அன்றைய வழக்கம். சபோனிஸ், கூடையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகில் வந்து நின்றுவிடுவார். அவருக்குத் தூரத்து ஷாட் உண்டு என்பதால் எதிரணியின் உயரமான ஆள் அவரோடு வெளியே வந்தாக வேண்டும். அவர் வந்த நொடியில் கூடையைக் காக்க ஆளில்லை. சபோனிஸின் அணியினர் தங்களைத் தடுப்பவரின் முதுகுப் பக்கமாக நழுவிக் கூடைக்கு ஓடுவார்கள். பந்து அவர்கள் கைக்குப் போய்ச் சேரும். பெரும்பாலும் அவர் அந்தப் பக்கம் பார்த்திருக்கவே மாட்டார். தலைக்குப் பின்னால், கால்களுக்கு இடையே, தடுப்பவரின் காதோரமாக என்று பாஸ் எங்கிருந்தும் வரும். ரீபவுண்டை எடுத்துக் கீழே இறங்குவதற்குள்ளேயே மைதானத்தின் மறுமுனைக்கு எறிந்துவிடும் பழக்கம் இன்னொன்று. கால் போன பிறகு இந்தப் பாஸ் ஒன்றுதான் குறையாமல் நின்றது. ஒருகாலத்தில் ஓடியும் தாவியும் செய்ததையெல்லாம் நின்ற இடத்திலிருந்தே செய்யக் கற்றுக்கொண்டார். போர்ட்லாண்டில் 1977இல் கோப்பை வென்ற பில் வால்டன், தானே பெரிய பாஸர், சபோனிஸை ஏழடி மூன்று அங்குல லாரி பேர்ட் என்று அழைத்தார்.

இன்று செர்பிய சென்டர் நிகோலா யோகிச் இதையேதான் செய்கிறார். குதிக்காமல், ஓடாமல், ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று ஆட்டத்தை நடத்துகிறார். மூன்று முறை என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியிருக்கிறார். யோகிச்சைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சபோனிஸ் வீடியோ எதுவும் புதிதாகத் தோன்றாது. அது எந்த வருடத்தில் எடுத்தது என்று பார்க்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்கள். யோகிச்சுக்கு அணி முழுவதும் அவரைச் சுற்றிக் கட்டப்பட்டது. 90களின் என்பிஏவில் சபோனிஸுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது என்று நான் வருந்துவது இந்த ஒன்றுக்காகத்தான்.

2003இல் ஊர் திரும்பினார். ஜால்கிரிஸ் கிளப்பின் உரிமையில் பெரும் பங்கை வாங்கி, அதே அணிக்கு ஆடவும் செய்தார். 39 வயது. அந்தப் பருவம் ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோலீக்கின் முதல் கட்டத்திலும் 16 அணிகள் கட்டத்திலும் சிறந்த வீரர் விருது இரண்டையும் அவரே வாங்கினார். கௌரவத்துக்காகக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். ஜால்கிரிஸ் இறுதிச்சுற்றுக்குப் போக மூன்று புள்ளி முன்னிலையும் சில நொடிகளும்தான் மிச்சம் என்ற நிலை வரை அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். 2004 ஏப்ரலில் டெல் அவீவில் மக்காபிக்கு எதிரான ஆட்டம் அது. மைதானத்தின் மறுமுனையிலிருந்து எறிந்த பந்தை வாங்கி டெரிக் ஷார்ப் கடைசி நொடியில் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மக்காபி வென்று, பிறகு அந்த வருடக் கோப்பையையும் வாங்கியது. 2005இல் சபோனிஸ் முறைப்படி ஓய்வை அறிவித்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010இல் சர்வதேசக் கூட்டமைப்பின் ஹால் ஆஃப் ஃபேம், 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் நைஸ்மித் ஹால் ஆஃப் ஃபேம். நைஸ்மித் என்பிஏவுக்கு மட்டுமான மண்டபம் இல்லை. உலகக் கூடைப்பந்து முழுவதற்கும் உரியது. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு நேரடிப் பதில் அதிலேயே இருக்கிறது. அடுத்த மாதமே கௌனாஸில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்து பிழைத்தார். அதே அக்டோபரில் லிதுவேனியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 2021 வரை, நடுவில் ஒரு ராஜினாமா நாடகத்தையும் சேர்த்து, அந்தப் பொறுப்பில் இருந்தார். நிர்வாகியாக அவரைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. அவர் பெயரில் ஒரு கூடைப்பந்துப் பள்ளியும் கௌனாஸில் இருக்கிறது.

மனைவி இங்ரிதா, 1988இல் லிதுவேனியாவின் முதல் அழகிப் பட்டம் வென்றவர். மூன்று மகன்கள், ஒரு மகள். கடைக்குட்டி மகன் தோமந்தாஸ் 1996 மே மாதம் போர்ட்லாண்டில், அப்பாவின் முதல் என்பிஏ பருவத்தின்போது, பிறந்தவர். இந்தியானாவிலும் பிறகு சாக்ரமெண்டோவிலும் ஆடி மூன்று முறை ஆல்-ஸ்டார் ஆனார். 2023, 2024, 2025 மூன்று வருடமும் என்பிஏவில் ரீபவுண்டு சராசரியில் முதலிடம். அவரும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பாஸ் கொடுக்கும் சென்டர்தான். அப்பாவின் தூரத்து ஷாட் மட்டும் முழுதாக வந்து சேரவில்லை என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சபோனிஸைப் பார்க்க விரும்பினால் போர்ட்லாண்ட் தொகுப்பு வீடியோக்களிலிருந்து தொடங்காதீர்கள். 1986 யூகோஸ்லாவியா அரையிறுதியின் கடைசி நிமிடம், பிறகு சியோல் அரையிறுதி, பிறகு பார்சிலோனா வெண்கல ஆட்டம், அதன் பிறகு 1996 யூட்டா தொடர் என்ற வரிசையில் பாருங்கள். நேரம் இருந்தால் 1995 சரகோசா இறுதியாட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவான ஆட்டம்தான், ஆனால் பந்து அவர் கைக்கு வரும்போது மற்ற நான்கு பேரும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.